படுதா என்று தேடுகிறவர்கள்

செப்டம்பர் 4

இன்று வேலைக்குச் சேர்ந்தேன். வேலை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வந்து அழைத்துப் போகும்வரை நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று அண்ணன் பார்த்துக் கொடுத்த ஏற்பாடு. இரண்டு வாரமோ மூன்று வாரமோ, அவ்வளவுதான்.

கடை கடலூர் ஓ.டி.யில், பழைய டவுனில், இருக்கிறது. மீரான் டார்பாலின்ஸ். லாரிக்கு, நெல் அம்பாரத்துக்கு, ஒழுகுகிற கூரைக்கு என்று எல்லாவற்றுக்கும் தார்ப்பாய் விற்கிறார்கள். முதலாளி சையத் மீரானை ஊரே பாய் என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். உட்காரச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா அமுதவல்லி, நமக்கு ஒரு வெப்சைட்டு இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்ன ஒருத்தன் போட்டுக் குடுத்துட்டுப் போனான். அது எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. போன்ல தேடுனா பண்ருட்டி தணிகாசலம் கடைதான் மொதல்ல வருது. கடலூர்ல ஒக்காந்து தேடுறேன், பண்ருட்டிக்காரன் வரான். என்னா நியாயம் இது?"

தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டில் இல்லை. மூன்றில் இல்லை. நான்காம் பக்கத்தின் அடியில், ஏதோ ஊர்க் கல்யாணப் பந்தல் கடைக்கும் கீழே கிடந்தது. திறந்தால் முகப்பில் பனி கொட்டுகிற சாலையில் நிற்கும் ஒரு வெளிநாட்டு லாரி. அந்தப் படம் முழுதாக வருவதற்குள் பாய் ஒரு டீயைக் குடித்து முடித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் இதே வேலையைச் செய்தவள் நான். ஒரு கடையின் பக்கத்தைத் தேடுதலில் மேலே கொண்டுவருவது. விட்டு ஆறு வருஷமாகிறது. ஆனால் அந்தப் பனி லாரியைப் பார்த்ததும் விரல் துறுதுறுத்தது.

"நம்ம கடை மொதல்ல வருமா?" என்றார் பாய்.

"வரும் பாய்."

"எப்ப?"

"மழைக்குள்ள."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மழை அக்டோபர் கடைசியில்தானே ஆரம்பிக்கும்.

செப்டம்பர் 5

பனி லாரியைத் தூக்கி எறிந்தேன். பக்கம் இப்போது கண்ணைச் சிமிட்டுவதற்குள் திறக்கிறது!

செப்டம்பர் 9

கடையின் மேப் குறியைப் பார்த்தேன். நம் கடை இருப்பதாக அது காட்டுவது உப்பனாற்றின் நடுவில்! "அதான் போன மாசம் ஒருத்தர் பாலத்து மேல நின்னுக்கிட்டு, கடை எங்க கடை எங்கன்னு போன் பண்ணாரு" என்று பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். குறியை ஆற்றிலிருந்து தூக்கிக் கரையில் வைத்தேன்.

அவர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வருவாராம். அதனால் பெட்டியைப் பிரிக்கவில்லை. மேலாக இருக்கிற நான்கு புடவைகளையே மாற்றி மாற்றிக் கட்டுகிறேன். அவருக்கு என்மேல் கோபமெல்லாம் இல்லை. ஒரு வேலைக்கு இன்டர்வியூ போகிறேன் என்று அவரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது. "கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்டுல இருந்து யோசிச்சிட்டு வா" என்று அவர் சொன்னதும் என் நல்லதுக்குத்தான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

வரவில்லை. வேலை இருந்திருக்கும். அண்ணி கோழிக் குழம்பு வைத்திருந்தாள், நாங்களே சாப்பிட்டோம்.

செப்டம்பர் 17

இதை எழுதும்போது கை பரபரக்கிறது!

மத்தியானம் மேகம் கூடியது. அண்ணி மாடியில் மிளகாய் காயப் போட்டிருந்தாள். கீழேயிருந்து கத்தினாள்: "அமுதா, மழை வருது! அந்தப் படுதாவ எடுத்து மூடு!"

மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். படுதா. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? நம் பக்கம் முழுக்க டார்பாலின், டார்பாலின் என்று எழுதியிருக்கிறது. எந்த வீட்டில், எந்தக் களத்தில் டார்பாலின் என்கிறார்கள்? அண்ணி மேலே ஏறி வந்து, "என்னாடி, மழையில சிலை மாரி நிக்கற!" என்று திட்டிக்கொண்டே தானே மூடினாள். மிளகாய் பாதி நனைந்துவிட்டது.

உடனே கம்ப்யூட்டரைத் திறந்து, மக்கள் என்னென்ன சொற்களால் தேடுகிறார்கள் என்று பார்த்தேன். அப்பப்பா! படுதா. படுத்தா. கூரைக்கு போடற படுதா. நெல் மூடும் படுதா விலை. மழை ஒழுகுது மேலே போட தார்பாய். மாட்டு கொட்டாய் படுதா. எல்லாரும் போனிடம் வாயால் பேசித் தேடுகிறார்கள். ஒருவர், "ஓட்டு வீடு ஒழுகுது என்ன பண்றது" என்றே கேட்டிருக்கிறார். இத்தனை பேர் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யாருமே அவர்கள் பாஷையில் பதில் சொல்லவில்லை!

செப்டம்பர் 18

பாயிடம் சொன்னேன். "படுதான்னு தானம்மா எங்க வாப்பா போர்டே வெச்சிருந்தாரு. நான்தான் ஸ்டைலா இருக்கட்டும்னு டார்பாலின்ஸ்னு மாத்துனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். முகப்பில் பெரிதாக எழுதிவிட்டேன்: கடலூரில் படுதா, தார்ப்பாய். கூரைக்கு, நெல்லுக்கு, லாரிக்கு.

செப்டம்பர் 30

நான்காம் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கம்! பதினான்காவது இடம்!

அவர் அடுத்த வாரம் வருகிறாராம்.

அக்டோபர் 8

கூரையை அளப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதினேன். பழைய ஆபீஸில் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே ஐந்து வெப்சைட்டைப் பார்த்து ஒரு பக்கத்தைத் தட்டிவிடுவோம். இங்கே நான் எழுதியதைப் பாய் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "கூரைக்கு மேல மட்டும் அளந்தா போதுமா? ரெண்டு பக்கமும் கீழ தொங்குறதுக்கு? கயிறு கட்டற எடத்துக்கு? இதப் படிச்சிட்டு வாங்குறவன் பத்தாம நிப்பான்" என்றார். கிழித்துப்போட்டு மறுபடியும் எழுதினேன்.

பிறகு, காற்றில் பறக்காமல் படுதா கட்டுவது எப்படி என்று வீடியோ எடுத்தோம். கடை மொட்டைமாடியில் ஒரு தகர ஷெட் இருக்கிறது. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். நான் கீழேயிருந்து போனில் பிடித்தேன்.

"கல்ல தூக்கி மேல வெக்காதீங்க, காத்துல உருண்டு தலையில விழும். மணல் மூட்டை வையுங்க. கயித்த ஓரத்து வளையத்துல மட்டும் கட்டாதீங்க, கிழிச்சிக்கும். குறுக்கால போட்டு இறுக்குங்க..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "ஏம்மா, என் மூஞ்சி தெரியுதா? தெரிஞ்சா அவன் பாப்பான்" என்றார்.

"யார் பாய்?"

"வேற யாரு, பண்ருட்டிக்காரன்தான்."

அண்ணனிடம் இதைச் சொன்னேன். பாயும் தணிகாசலமும் ஒரு காலத்தில் கூட்டாகக் கடை வைத்திருந்தார்களாம். பிரிந்து ஒன்பது வருஷம். ஒரு வார்த்தை பேச்சில்லை. எதனால் என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. "ரெண்டு பேருக்குமே மறந்து போயிருக்கும்" என்றான்.

அக்டோபர் 15

மழைக்காலம் தொடங்கப்போகிறது. பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் துணியெல்லாம் பூசணம் பிடித்துவிடும். அதனால்தான் புடவைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். வேறொன்றும் இல்லை.

ஒன்பதாவது இடம். முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம்! பாய் கடைத்தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார்.

அக்டோபர் 24

பண்ருட்டிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள்! தணிகாசலம் கடையின் முகப்பிலும் இன்று "படுதா" என்று வந்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. நம்மைப் பார்க்கிறார்கள் என்றுதானே அர்த்தம்!

அண்ணனின் சிநேகிதன் ஒருவன் கடைக்கு வந்து, பணம் கொடுத்தால் ஐந்து நட்சத்திரத்தோடு நல்ல நல்ல கருத்துகளாக எழுத ஆள் இருக்கிறது என்றான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "யாரு அவங்கல்லாம்? நம்ம கடைக்கு எப்ப வந்தாங்க? என்னா வாங்குனாங்க?" அவன் என் பக்கம் திரும்பினான். "வராதவன் நல்லாயிருக்குன்னு சொன்னா, வந்தவன் என்னை என்னான்னு நெனைப்பான்? போப்பா."

அதற்குப் பதிலாக, வாங்கிப் போகிறவர்களிடம் நாங்களே கேட்கிறோம். இன்று நொச்சிக்காட்டிலிருந்து ஒரு மீனவர் எழுதினார்: "படுதா நல்லா கீது. பாய் ஒரு கயிறு சும்மா குடுத்தார்." ஒரு எழுத்தைக்கூடத் திருத்தத் தோன்றவில்லை.

நவம்பர் 3

ஐந்தாவது இடம்.

அவர் போன் செய்தார். என்ன பேசினோம் என்று சரியாக நினைவில்லை. அந்த நேரத்தில்தான் ஐந்தாவது இடம் வந்தது.

நவம்பர் 12, தீபாவளி

அவர் வரவில்லை. ஆபீஸில் ஏதோ அவசரமாம். தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானம் அறைக்குள் போய்ப் படுத்தேன். தலைவலி இல்லை. அண்ணி தட்டில் அதிரசம் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, "உன் கடை இப்ப எத்தனாவது?" என்றாள்.

"மூணு."

"தீபாவளிக்குள்ள ரெண்டாவது வரும்னு நெனச்சேன்" என்றாள் அண்ணி. இரண்டு பேரும் சிரித்தோம். முழுத் தட்டையும் காலி செய்தோம்.

நவம்பர் 20

இரண்டாவது! நமக்கு மேலே தணிகாசலம் மட்டும்தான்!

நவம்பர் 27

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். புயலாக மாறி நம் கரைக்கு வரும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். படுதா என்று தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்று காட்டும் கோடு இத்தனை நாள் வயல் வரப்பு மாதிரி போய்க்கொண்டிருந்தது. இன்று செங்குத்தாகச் சுவர்போல் எழுந்து நிற்கிறது. இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததே இல்லை.

நவம்பர் 28, காலை

முதல் இடம்! முதல் இடம்! மழைக்குள் என்று சொன்னேன், புயலுக்குள் கொண்டுவந்துவிட்டேன்!

அதே நாள், மாலை

கடையில் இரண்டு போனும் ஓயவில்லை. என் போனையும் மூன்றாவதாகக் கொடுத்தோம். குள்ளஞ்சாவடி, புவனகிரி, பரங்கிப்பேட்டை, நான் பெயரே கேட்டிராத குப்பங்கள். எல்லாரும் "வெப்சைட்டுல பாத்தோம்" என்கிறார்கள். கேட்கக் கேட்கக் காதில் தேன்.

ஒரு மொத்த வியாபாரி வந்து, உள்ளதையெல்லாம் இரண்டு மடங்கு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று நின்றான். பாய் என் பக்கம் திரும்பி, "நம்ம பக்கத்துல விலையப் பத்தி என்னா எழுதியிருக்க?" என்றார். மழைக்காலத்திலும் இதே விலை என்று அக்டோபரிலேயே எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். "கேட்டுக்கிட்டியாப்பா? எழுதியாச்சு" என்று அவனை அனுப்பிவிட்டார்.

நவம்பர் 29

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதி வைக்க வேண்டும்.

பத்து மணிக்கெல்லாம் குடோன் காலி. ஓசூரிலிருந்து வர வேண்டிய லோடு வழியில் நிற்கிறது. புயல் கடக்கும்வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நான் சந்தோஷமாக, "எல்லாம் வித்துப்போச்சு பாய்!" என்றேன். எவ்வளவு முட்டாள்தனம். வித்துப்போனது கடையில்தான். ஆட்கள் வருவது நிற்கவில்லை. பஸ்ஸில், டூ வீலரில், ஒரே ஆட்டோவில் ஆறு பேர். எல்லார் கையிலும் போன். போனில் என் பக்கம்.

பதினொன்றரைக்குக் கிள்ளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு பஸ் மாறி, தலையிலிருந்து கால்வரை நனைந்து வந்திருந்தாள். இல்லை என்றதும் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்குன்னு போட்டிருக்கீங்களே? எம் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. அத நம்பித்தானே வந்தேன். பச்சப் புள்ளைய வெச்சிக்கிட்டு அது கூரை வீட்டுல கெடக்குது. இப்ப நான் எங்க போவேன்?"

யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. வெளியே போய்ப் பக்கத்து இரும்புக்கடை வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். பிறகு உள்ளே வந்து "ஸ்டாக் இல்லை" என்று பக்கத்தின் உச்சியில் எழுதப் போனேன். எழுதினால் இங்கே வர மாட்டார்கள். சரி, ஆனால் எங்கே போவார்கள்? நாங்கள்தானே முதலில் நிற்கிறோம். எங்களைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் கீழே தேடுவார்கள்?

தணிகாசலம் கடைக்கு போன் செய்தேன். யாரோ என்ற மாதிரி கேட்டேன். எடுத்த பையன், "குடோன் நெறைய இருக்குக்கா. இந்த வருஷம் ஏனோ போனே வரல, நேர்ல வரவங்கதான்" என்றான்.

ஏனோ! நான்தானே அந்த ஏனோ.

பாயிடம் சொன்னேன். "அவர் நம்பரை நம்ம பக்கத்துல மேலயே போட்டுரலாம் பாய். அங்க இருக்கு. ஜனங்க இங்க வந்து ஏமாறுறாங்க."

பாயின் முகம் மாறிவிட்டது. "மூணு மாசமா அவனத் தாண்டணும்னுதானே ஒழைச்ச? இப்ப எங் கடை வாசல்ல அவன் பேர எழுதறியா?"

"ஆமா பாய்."

"தொழுதுட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நான் தட்டச்சு செய்தேன். எங்களிடம் தற்போது படுதா இல்லை. பண்ருட்டியில் கிடைக்கும். கடை பெயர், நம்பர். எழுதிவிட்டு, வெளியிடும் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். கடை அவருடையது. ஆனால் அவர் வேண்டாம் என்றால் இந்த வேலையில் இருக்க மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்ததும்தான் உறைத்தது. இந்த வேலையை விடுவது என்பது எனக்கு இவ்வளவு பெரிய விஷயமா?

பாய் திரும்பி வந்தார். துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நம்பர் தப்பு" என்றார்.

"இல்ல பாய், அவங்க வெப்சைட்டுல..."

"அது கடை நம்பரு. சாப்பாட்டு நேரத்துல ஒருத்தனும் எடுக்க மாட்டான். குடோன் நம்பர் போடு. அங்கதான் அவன் ஒக்காந்திருப்பான். எழுதிக்க."

சொன்னார். பத்து எண்களையும். எதையும் எடுத்துப் பார்க்காமல், ஒரு இடத்திலும் தடுமாறாமல். ஒன்பது வருஷமாக ஒரு தடவைகூடக் கூப்பிடாத நம்பர்.

எழுதி வெளியிட்டேன்.

அதன்பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! சிதம்பரத்தில் ஒரு கடை, நெய்வேலியில் ஒன்று, விருத்தாசலத்தில் இரண்டு என்று நான் ஒவ்வொன்றாகக் கூப்பிட, யாரிடம் எந்த அளவு இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பக்கத்தில் ஏற்றினோம். தீர்ந்துபோன கடையின் பெயரை அடித்தோம், புதிதாக லோடு இறங்கிய கடையைச் சேர்த்தோம். முதலில் சந்தேகப்பட்ட கடைக்காரர்கள், கொஞ்ச நேரத்தில் தாங்களாகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். "மேடம், பெரிய சைஸ் முடிஞ்சுது, சின்னது இருக்கு, மாத்திப் போடுங்க!" பக்கம் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. பாய் மாடியில் எடுத்த வீடியோவும் கூடவே சுற்றியது. கடையில் எங்களுக்கென்று நிறுத்தி வைத்திருந்த லாரி ஷீட்டைப் பாயே அளந்து வெட்டி, கிள்ளைப் பெண்ணுக்குக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

கரண்ட் போனது. கடை லாரியின் பாட்டரியில் போனைச் சொருகிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்து வேலை செய்தேன். காற்று வண்டியையே ஆட்டியது. பயமாக இருந்ததா என்றால், இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு உயிரோடு நான் இருந்ததே இல்லை.

அண்ணன் வந்து இழுக்காத குறையாக வீட்டுக்குக் கூட்டிப்போனான். வாசலில் நின்ற அண்ணி கேட்டாள்: "நம்ம வீட்டுக்கு ஒரு படுதா எடுத்தாந்தியா?"

ஐயோ.

நவம்பர் 30

புயல் இன்று மத்தியானம் கரை கடந்தது. சமையலறை ஓடு பறந்தது. வீட்டிலிருக்கும் குண்டான், தேக்சா, சாம்பார் வாளி எல்லாம் தரையில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தத்தில் சொட்டுகிறது. அண்ணி என்னை முறைப்பதும் சிரிப்பதுமாக இருக்கிறாள்.

டிசம்பர் 2

டவர் வந்தது. முதலில் எங்கள் பக்கத்தைத்தான் திறந்து பார்த்தேன். நிற்கிறது. பிறகுதான் அவர் அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்தேன். நலமா என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் பழசு. நலம் என்று பதில் போட்டேன்.

கிள்ளைப் பெண்ணின் மகள் கடை நம்பருக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். சுற்றிலும் கூரைகள் பிய்ந்து கிடக்க, நடுவில் நீல ஷீட் போர்த்திய ஒரு வீடு. குறுக்கே கயிறு, ஓரத்தில் மணல் மூட்டை. வீடியோவில் பாய் சொன்ன அதே மாதிரி. வாசலில் அந்தப் பெண் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பாய் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "முடிச்சு கரெக்டா போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 5

அவர் வந்தார்.

சொல்லாமல் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். ஓசூர் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஏகக் கூட்டம். பாய் அவருக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். நான் போனை வைத்துவிட்டு வருவதற்கு அரைமணி நேரமாகிவிட்டது. நடுநடுவே பார்த்தேன், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரையோ பார்ப்பதுபோல.

"கிளம்பலாமா? கார் எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார்.

"இன்னிக்கா?"

"வேற எப்ப? போதும் அமுதா. இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?"

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "தை மாசம் அறுப்பு வருது. நெல்லு மூடற படுதாவுக்குத் தனியா ஒரு பக்கம் எழுதணும்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் கோடை. நிழலுக்குப் பந்தல் போடுவாங்க."

"அதுக்கப்புறம்?"

"மறுபடியும் மழை வந்துடும்."

நான் முன்னாலேயே தயார் செய்து வைத்திருந்த பதில் இல்லை அது. கேட்டார், சொன்னேன்.

"நீ மாறிட்ட" என்றார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க. அண்ணி மீன் வாங்கியிருக்கா" என்றேன்.

சாப்பிடவில்லை. மூன்று மணிக்குக் காரைத் திருப்பிக்கொண்டு போனார். நான் கடை சாத்தும்வரை இருந்தேன். நாற்பத்திரண்டு பேருக்குப் பதில் சொன்னேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன், காற்று நன்றாக இருந்தது.

டிசம்பர் 6

காலையில் கொஞ்சம் அழுதேன். பிறகு வேலைக்குப் போனேன்.

டிசம்பர் 9

இன்று மத்தியானம் கடை வாசலில் ஒரு அம்பாசடர் வந்து நின்றது. நல்ல உயரமாக, வெள்ளைச் சட்டையில் ஒருவர் இறங்கினார். பாய் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தணிகாசலம் உள்ளே வந்து உட்கார்ந்தார். பாயும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்கள். "டீ சொல்லட்டுமா?" என்றேன்.

"எனக்குச் சக்கரை இல்லாம சொல்லும்மா" என்றார் தணிகாசலம்.

பாய் சட்டென்று திரும்பினார். "ஏன்? என்னாச்சு?"

"சுகர்."

"எப்பத்துலேந்து?"

"அஞ்சு வருஷமா."

"அஞ்சு வருஷமா?" பாய்க்குக் கோபமே வந்துவிட்டது. "ஏய்யா, ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"யாருகிட்ட சொல்றது? நீ எங்க பேசுன?"

"நீ பேசுனியா?"

டீ வந்தது. அதற்குள் யார் முதலில் பேசாமல் விட்டது என்று சண்டை முற்றிவிட்டது. டீ ஆறுவதற்குள் எந்த டாக்டரிடம் காட்டுகிறார், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பாய் அதட்டிக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டரின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது தணிகாசலம் என் மேஜைக்கு வந்தார். "அன்னிக்கு எங் குடோன் நம்பர போட்டது நீதானாம்மா? வெளிய யாருக்கும் அது தெரியாது. போன் எடுத்தவுடனே புரிஞ்சிடுச்சி, யாரு சொல்லியிருப்பான்னு" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங் கடைக்கும் நீ பாத்துக் குடுப்பியா?"

நான் பாயைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குற? செய்யி."

"எப்படி பாய்? ரெண்டு கடைக்கும் நானே பாத்தா யாரு முதல்ல வர்றது?"

இரண்டு பெரியவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கடலூர்ல தேடுனா நான்" என்றார் பாய். "பண்ருட்டியில தேடுனா நான்" என்றார் தணிகாசலம். "நெல்லிக்குப்பத்துல?" என்றேன். நெல்லிக்குப்பம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சண்டை மறுபடியும் ஆரம்பித்தது.

காரில் ஏறப் போனவர் நின்று கேட்டார். "பில்லு எந்தப் பேருலம்மா போடறது? உங் கம்பெனி பேரு என்னா?"

கம்பெனியா? பாய்தான் கயிற்றை மறுபடி கையில் எடுத்தபடி சொன்னார்: "அமுதவல்லின்னு போடுய்யா. அதான் பேரு."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போனை எடுத்து அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஒரு கோயில். ஒரு நாட்டு மருந்துக் கடை. ஒரு பரதநாட்டியப் பள்ளி. யாரோ ஒரு ரிட்டையர்டு டீச்சரின் சமையல் சேனல். தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனேன், விரல் வலிக்கும்வரை. நான் எங்கேயும் இல்லை.

நாளைக்குக் காலையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும்!